2,40,000 கிலோமீட்டர் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் காருக்குக் கியர் ஆயில் மாற்றலாமா?

கேள்வி: என்னுடைய ஃபோர் வீல் டிரைவ் கார் 2,40,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இரண்டாவது உரிமையாளரான நான் எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றி வருகிறேன். ஆனால் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் ஆயிலை யாரும் எப்போதும் மாற்றியதாக சர்வீஸ் புத்தகத்தில் பதிவே இல்லை. "இத்தனை காலம் ஓடிய ஆயிலில் இப்போது கை வைத்தால் கியர்பாக்ஸ் போய்விடும், அப்படியே விடுங்கள்" என்கிறார் ஒரு மெக்கானிக். மற்றொரு பட்டறையில் எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்து ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார்கள். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது; வேறு குறை தெரியவில்லை. இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் இந்தக் காரை வைத்திருக்க விரும்புகிறேன். செலவு செய்வதா, விட்டுவிடுவதா?

பதில்: செலவு செய்யுங்கள், ஆனால் ஓவர்ஹாலுக்கு அல்ல. குறை எங்கே என்று அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸைப் பிரிப்பதும், பயந்து பழைய ஆயிலிலேயே ஓட்டுவதும் ஒரே அளவுக்குத் தவறான முடிவுகள். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு முழுமையான பரிசோதனையும், அதனோடு சேர்ந்த ஆயில் மாற்றமும்தான்.

வளைவில் இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல்களையும், கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பொறுத்தவரை தயங்கவே வேண்டாம். அவற்றில் பற்சக்கரங்களும் பேரிங்குகளும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. புதிய ஆயில் அவற்றுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. ஒவ்வொன்றும் கொள்ளும் ஆயில் பொதுவாக சில லிட்டர்களைத் தாண்டுவதில்லை. ஆனால் டிஃபரன்ஷியலின் முக்கியப் பற்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் தேய்ந்துவிட்டால் அந்த ஜோடியை மாற்றி, இடைவெளியை அளந்து பொருத்துவது திறமையும் நேரமும் செலவும் மிகுந்த வேலை. இரண்டு செலவுகளுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, ஆயில் மாற்றுவதை ஒத்திப்போட நியாயமான காரணம் எதுவும் இல்லை.

பட்டறையில் வேலை நடக்கும்போது கூடவே இருங்கள். ஆயிலை வடிக்கும் அடி மூடியான டிரெயின் பிளக்கைக் கழற்றுவதற்கு முன், ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் தொடாத மேல் பிளக் துருவேறி இறுகியிருக்கும். பழைய ஆயிலை வடித்துவிட்ட பிறகு அது கழறவில்லை என்றால் கார் அங்கேயே நின்றுவிடும். சற்று தூரம் ஓட்டி ஆயில் சூடான பிறகு வடித்தால், அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வெளியே வரும்.

வடிந்த ஆயிலை உடனே கொட்டிவிட விடாதீர்கள். பல வண்டிகளில் டிரெயின் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில், விரலால் தேய்த்தால் மாவு போல் நெருடலின்றி இருக்கும் பசை, இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இயல்பானதே. கையில் குத்தும் செதில்களோ பல்லின் துண்டோ இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வருவதற்கான பிரீதர் குழாய் அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஆகவே பிரீதரைச் சுத்தம் செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் அதே நிலைதான். கியர் ஆயிலின் கந்தக நெடியைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். அது அதில் சேர்க்கும் வேதிப்பொருளின் இயல்பான மணம்.

முதல் முறை வடியும் ஆயிலில் 2,40,000 கிலோமீட்டரின் தேய்மானமும் கலந்திருப்பதால், உட்பாகங்கள் இன்று எப்படி இருக்கின்றன என்பதை அதைக் கொண்டு சரியாகச் சொல்ல முடியாது. புதிய ஆயிலில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே பிளக்கை மறுபடியும் கழற்றிப் பார்த்தால் தெளிவான விடை கிடைக்கும். ஓவர்ஹால் வேண்டுமா என்ற கேள்வியை அதுவரை தள்ளிவையுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் விஷயத்தில் முதல் மெக்கானிக்கின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல, ஆனால் அதற்குக் காரணம் ஆயில் அல்ல. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் நினைவே வருகிறது. மாற்றிய சில நாட்களில் கியர்பாக்ஸ் நின்றுவிட்டால் பழி புதிய ஆயிலின் மேல் விழுகிறது. உண்மையில் கிளட்ச் தகடுகள் முன்பே தேய்ந்திருந்தன. இன்னொரு காரணம், இயந்திரத்தை வைத்து அழுத்தத்துடன் ஃபிளஷ் செய்வது. ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு பெயர்ந்து வால்வுகளின் நுண்ணிய துளைகளில் சிக்கிக்கொள்ள அது வழி செய்யலாம்.

ஆகவே முதலில் ஓட்டிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினின் சுழற்சி ஏறியும் கார் வேகம் எடுக்கவில்லை என்றாலோ, ஆயில் கறுத்துக் கருகிய வாடை வீசினாலோ, புதிய ஆயில் அதைக் குணப்படுத்தாது. அந்த நிலையில் மட்டுமே ஓவர்ஹால் பற்றிய பேச்சு பொருந்தும். அப்படி எதுவும் இல்லை என்றால், அழுத்தம் கொடுக்காமல் வடித்து நிரப்பும் முறையில் மாற்றுங்கள். எஞ்சினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் கணிசமான ஆயில் தங்கிவிடுவதால் ஒரு முறை வடித்தால் எல்லாம் வெளியேறாது. சிறிது இடைவெளி விட்டு இரண்டு, மூன்று முறை செய்வதே நல்லது. முதல் முறையிலேயே அடித்தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் காந்தங்களைத் துடைத்து, ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் ஆயிலின் அளவைக் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் சரிபார்க்க முடியும். அதற்கான கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

'வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று கார் நிறுவனம் சொல்லியிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உலகின் பெரிய கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்றான இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு ஆண்டுகளில் ஆயில் மாற்றச் சொல்கிறது. காரை நீண்ட காலம் வைத்திருக்க விரும்புகிறவர் கார் நிறுவனத்தின் அந்தச் சொல்லை நம்பி இருப்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

ஆயில் வாங்கும்போது உரிமையாளர் கையேட்டில் உள்ள குறியீட்டை எழுதி எடுத்துச் செல்லுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் சில வண்டிகளில் 75டபிள்யூ-90 என்ற குறியீடுள்ள கியர் ஆயில், சிலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில், இன்னும் சிலவற்றில் அதற்கென்றே தயாரித்த தனி ஆயில் தேவைப்படும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் அதற்குரிய சேர்மானம் கொண்ட ஆயிலே வேண்டும். "எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் போதும்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி அந்த 'டொக்' சத்தம். அதைக் கேட்டதும் கியர்பாக்ஸைச் சந்தேகிப்பவர்கள் அதிகம். ஆனால் நான் முதலில் பார்ப்பது, டிஃபரன்ஷியலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான். கார் உருளாதபடி சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, அந்தத் தண்டு கோணம் மாறினாலும் சுழல உதவும் இணைப்பான யூனிவர்சல் ஜாயிண்டின் இரு பக்கத்தையும் கையால் பிடித்து எதிரெதிராகத் திருப்பினால், தேய்ந்த ஜாயிண்டின் ஆட்டம் கையிலேயே தெரியும். அதன் மூடிகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துருத்தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. கிரீஸ் நிப்பிள் உள்ள ஷாஃப்ட் என்றால் ஜாயிண்டுகளுக்கும் சறுக்கும் பகுதிக்கும் கிரீஸ் அடித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் அதிலேயே குறைந்துவிடுவதும் உண்டு. ஆட்டம் கண்ட ஜாயிண்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும் அது கியர்பாக்ஸ் செலவோடு ஒப்பிடத்தக்கதல்ல. சக்கரப் பக்கத்து ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பணக் கணக்கைப் பலர் தவறாகப் போடுகிறார்கள். பழைய காரின் விற்பனை விலையோடு சர்வீஸ் செலவை ஒப்பிட்டால் எந்தச் செலவும் அதிகமாகத்தான் தோன்றும். இதே அளவு நம்பகமான வேறொரு காரில் அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளைக் கழிக்க எவ்வளவு ஆகும் என்பதோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்; பிரித்துப் பார்க்கும் வேலை எதையும் உங்கள் ஒப்புதலின்றி தொடங்கக் கூடாது என்பதையும் அதிலேயே குறிப்பிடச் செய்யுங்கள். கியர்பாக்ஸ் வழுக்குவதும் டிஃபரன்ஷியல் ஓலமிடுவதும் சேர்ந்து தெரியவந்தால் மட்டும், இந்தக் காரில் மேற்கொண்டு பணம் போடாமல் உள்ள நிலையைச் சொல்லி விற்றுவிடுவதே நேர்மையும் இலாபமும் ஆகும்.

கேள்வி: நான் ஃபோர் வீல் டிரைவை ஏறக்குறைய பயன்படுத்துவதே இல்லை. அப்படியிருக்க, முன் டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் எதற்காகச் செலவு செய்ய வேண்டும்?

பதில்: தேவையானபோது மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்க்கும் வண்டிகளிலும், முன் சக்கரங்களைத் தனியே விடுவிக்கும் ஹப் போன்ற அமைப்பு இல்லையென்றால், முன் ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் ஓட்டும் நேரமெல்லாம் சுழன்றுகொண்டேதான் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாகப் பின் சக்கரங்களுக்கும் சக்தி போகிறது. விடுவிக்கும் அமைப்பு இருந்தாலும், அசையாமல் நிற்கும் பாகங்களின் மேற்பகுதியில் ஆயில் வடிந்து சீல்கள் உலர்ந்துபோகும். மாதத்துக்கு ஒரு முறையாவது மண் பாதையிலோ சரளையிலோ சிறிது தூரம் ஃபோர் வீல் டிரைவில் ஓட்டுங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் அதைச் செய்யாதீர்கள். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பில் அந்த முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின் அல்லது பற்சக்கரங்கள் மேல் விழும். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கின்றனவா என்பதையும் அதே காரணத்துக்காகவே சரிபார்க்க வேண்டும்.