லாச்சியில இரிக்கிற காசெல்லாம் லாபமில்ல: சின்ன யாவாரிமார்ர கேள்வியும் பதிலும்

நான் மட்டக்களப்பு கல்லடி ஆள், கனகாலமா சின்னக் கடை, மில், தையல் எண்டு நம்மட ஆக்களுக்கு கணக்கு எழுதிக் குடுத்து வாறன். செலவு, வரி பத்தி என்ன சந்தேகம் எண்டாலும் கேளுங்க எண்டு சொன்னதுக்கு கனபேர் கேட்டிருந்தீங்க, ஒரே மாதிரி வந்ததெல்லாம் சேத்து ஒண்டா எழுதுறன்.

ஆரையம்பதி, தையல் கடை: அக்கா, மாசம் ரெண்டு லட்சத்துக்கு கிட்ட யாவாரம் போகுது, ஆனா மாசக்கடைசில கையில ஒண்டுமில்ல. இதுக்கும் வரி கட்டணுமா?

தங்கச்சி, வருமான வரி யாவாரத்துக்கு இல்ல, செலவு போக மிஞ்சிற லாபத்துக்குத்தான். ரெண்டு லட்சத்த பன்னிரண்டால பெருக்கினா வருஷம் 24 லட்சம், அதில துணி, நூல், கடை வாடகை, கரண்ட், தைக்கிற புள்ளைகள்ர சம்பளம் எல்லாம் கழியும். 2025 ஏப்ரல் 1இல இருந்து ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 18 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்ல, அதால உங்களுக்கு வேற வருமானம் இல்லாட்டி வரி வராது எண்டுதான் நினைக்கிறன்.

ஆனா கையில ஏன் மிஞ்சல்ல எண்டதுதான் எனக்கு கவல. உங்களப்போல ஒரு தங்கச்சிட லாச்சிய போன மாசம் திறந்து பாத்தன், கல்யாண பிளவுஸ் தைக்க ஒரு ஆள் குடுத்த அட்வான்ஸ், மகன்ட டியூசன் காசு, சீட்டுக்காசு, மீன்காரருக்கு மடிச்சி வெச்ச 500 எல்லாம் ஒரே இடத்துல கிடக்கு. அட்வான்ஸ் இன்னும் உங்கட காசில்ல, தைச்சி குடுத்தாத்தான் உங்கட. அதுக்குள்ள எடுத்து மீன் வாங்கினா, மறுகா துணி வாங்க அடுத்த ஆள்ர அட்வான்ஸ எடுப்பீங்க, அது அப்பிடியே சுத்திக்கிட்டே இரிக்கும். வீட்டுக்கு மாசம் இவ்வளவு எண்டு ஒரு தொகைய முடிவெடுத்து ஒரே நாள்ல எடுங்க, மிச்சத்த தொடாதீங்க. நீங்க உங்களுக்கு எடுக்கிற காசு வரிக்கணக்குல செலவா வராது, அதையும் ஞாபகம் வெச்சிக்கங்க.

சம்மாந்துறை, ரைஸ் மில்: தங்கச்சி, மார்ச் மாசம் கையில சல்லி ஒண்டுமில்ல, எல்லாம் நெல்லா ஸ்டோர்ல கிடக்கு, மனுசிட நகையும் அடகுல. ஆனா கணக்கு பாக்கிறவர் லாபம் இரிக்கு எண்டு சொல்றார், அதெப்பிடி?

காக்கா, அவர் சொல்றது சரிதான், இது நம்மட பக்கத்து மில்காரர் எல்லாருக்கும் வாற குழப்பம். வரி வருஷம் ஏப்ரல் 1இல தொடங்கி மார்ச் 31இல முடியுது, நமக்கு பெரும்போக அறுவடை முடிஞ்சி நெல்லு வாங்கி அடுக்கிற நேரமும் அதுதான். அதால வருஷம் முடியக்குள்ள உங்கட காசு முழுக்க மூட்டையாத்தான் நிக்கும். 80 லட்சத்துக்கு நெல்லு வாங்கி, மார்ச் 31இல 50 லட்சத்து நெல்லு விக்காம கிடந்தா, அந்த வருஷத்துச் செலவு 30 லட்சம் மட்டும்தான். மிச்சம் 50 அடுத்த வருஷத்துக்கு ஆரம்ப இருப்பா போகும், அது விக்கக்குள்ள செலவா வரும், ஆனபடியா உங்களுக்கு ஒண்டும் இழப்பில்ல, பிந்தி வருது அவ்வளவுதான்.

தயவு செஞ்சி மார்ச் 31 பின்னேரம் ஒரு ஆள நிப்பாட்டி மூட்டைய எண்ணுங்க, எந்த விலைக்கு வாங்கின எண்டும் பக்கத்துல எழுதுங்க, ஈரம் பட்டு முளைச்சத தனியா எண்ணி படமும் எடுங்க, வாங்கின விலைக்கு போகாத நெல்ல குறைச்ச விலைக்கு போடலாம். மே மாசம் வந்து ஞாபகத்துல எழுதுற கணக்க நான் நம்ப மாட்டன், இறைவரித் திணைக்களமும் நம்பாது. அடகு விஷயம், அந்தக் காசு உண்மையா நெல்லு வாங்கத்தான் போச்சிதெண்டா வட்டி செலவுதான். அடகுச் சீட்ட போட்டோ எடுத்து வெச்சிக்கங்க, நகைய மீட்டா சீட்டு கைய விட்டு போயிரும்.

பொத்துவில், அறுகம்குடாவில ரூம்: நாலு தவணையா வரி கட்டச் சொல்றாங்க, சீசன் முடிஞ்சா நமக்கு வருமானமே இல்லையே அக்கா?

ஓம் தம்பி, உங்களுக்கு அந்தத் திகதிகள் கஷ்டமாத்தான் விழுது. ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15, இதுதான் நாலு தவணை. ஆகஸ்ட்ல மட்டும்தான் உங்கட லாச்சி நிறைஞ்சிருக்கும், நவம்பரும் பெப்ரவரியும் மாரி மழையில ஆக்களே இல்லாத நேரம், மே மாசம் அப்பத்தான் பெயின்ட் அடிச்சி மெத்தை மாத்திக்கிட்டு நிப்பீங்க. ஒரு கணக்கு போட்டு காட்டுறன். வருஷ லாபம் 30 லட்சம் எண்டு வைங்க, வரியில்லாத 18 போக 12 லட்சம். முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம் 60,000, அடுத்த 2 லட்சத்துக்கு 18 வீதம் 36,000, மொத்தம் 96,000, ஒரு தவணைக்கு 24,000. சீசன் அஞ்சு மாசமெண்டா மாசம் 20,000 அளவு வேற எக்கவுண்ட்ல போட்டு வந்தா சரி, அந்த எக்கவுண்ட்ட கார்ட வீட்டுல வெச்சிட்டு வாங்க. குறைஞ்சத செப்டம்பர் 30க்குள்ள கட்டி முடிச்சி, வருஷ வருமானத்த எழுதிக் குடுக்கிற விபரத்திரட்ட நவம்பர் 30க்குள்ள குடுக்கணும். காசில்ல எண்டு திரட்டையும் குடுக்காம விடுறது பெரிய பிழ, பிந்திக் கட்டினா வட்டியும் தண்டமும் வரும், திரட்டையும் குடுக்காம விட்டா அதுக்கு வேற தண்டமும் சேரும். அந்தத் தண்டத்த மறுகா செலவா கழிக்கவும் ஏலாது.

களுவாஞ்சிகுடி, கேக் செய்றவ: லோன் எடுத்து ஓவன் வாங்கினன், மாசம் கட்டுற தவணை முழுக்க செலவா?

இல்ல புள்ள. தவணையில வட்டி மட்டும்தான் செலவு, மிச்சம், முதல் எண்டு சொல்றது, நீங்க வாங்கின கடன திருப்பிக் குடுக்கிறது. ஓவன்ட விலைய அஞ்சு வருஷத்துக்கு பிரிச்சி கழிக்கலாம், 3 லட்சமெண்டா வருஷம் 60,000. பேங்க்ல கேட்டா வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு எண்டு பிரிச்ச அட்டவணை தருவாங்க, கேட்டு வாங்குங்க. வீட்டு கேஸ்லயே கேக்கும் சோறும் ஆகுதெண்டா கேக்குக்கு போற பங்க நேர்மையா பிரிச்சி எழுதுங்க.

மருதமுனை, கைத்தறி: ரெண்டு பேர்தான் வேலைக்கு, ஈபிஎஃப் கட்டணுமா?

ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு ஒரு ஆள் எண்டாலும் கட்டணும். சம்பளம் 40,000 எண்டா அவர்ட்ட 8 வீதம் 3,200 கழிக்கணும், நீங்க 12 வீதம் 4,800, ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,200 போடணும். அப்ப ஒரு ஆளுக்கு உங்களுக்கு உண்மையான செலவு 46,000. சாரத்துக்கு விலை போடக்குள்ள 40,000த்த வெச்சி போட்டு நட்டப்பட்ட ஆக்கள எனக்கு தெரியும்.

கல்லடி, வெளிநாட்டுக்கு டிசைன் வேலை செய்ற தம்பி: டொலர்ல வாற காசுக்கும் வரியா?

2025 ஏப்ரல்ல இருந்து ஓம். ஆனா வங்கி ஊடா வந்தா 18 லட்சம் கழிவு உங்களுக்கும் இரிக்கு, முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அதுக்கு மேல 15 வீதத்தோட நிண்டுரும். இன்டர்நெட் பில், சொப்ட்வேர் காசு எல்லாம் செலவு, மெயில்ல வாற இன்வொய்ஸ அழிச்சிராதீங்க.

ஏறாவூர், பலசரக்குக் கடை: பில்லெல்லாம் எவ்வளவு காலம் வெச்சிருக்கணும்? இடமில்ல அக்கா.

அஞ்சு வருஷம். கம்பியூட்டர் பில் வெயிலுக்கும் சூட்டுக்கும் வெள்ளையாப் போயிரும், ஆறு மாசத்துல பாத்தா வெறும் தாள்தான், அதால வாங்கின அண்டைக்கே போன்ல படம் எடுங்க, மாசத்துக்கு ஒரு போல்டர். மொத்தமா சரக்கு தாறவங்க பில் தராட்டி அவங்கட பேர், திகதி, தொகைய கொப்பில எழுதி கையெழுத்து வாங்குங்க. எங்கட அப்பாட கடைக் கணக்கெல்லாம் கீழ்த்தட்டுல இருந்திச்சி, ஒரு மார்கழி வெள்ளத்துல கொப்பி முழுக்க ஊறி பக்கம் பக்கமா ஒட்டிப் போச்சி, ஆர் எவ்வளவு கடன் தரணும் எண்டே தெரியாம கனபேர்ட காசு வராமலே போச்சி. உங்கட பக்கமும் தண்ணி வாற இடம்தானே, கடன் கொப்பிய இரவைக்கு வீட்டுக்கு கொண்டு போங்க, பில் பெட்டிய மேல்தட்டுக்கு இண்டைக்கே மாத்துங்க.