அண்டார்டிகாவுக்குப் பெரிய சொகுசுக் கப்பலில் போனால் தரையில் இறங்க விடமாட்டார்களாமே, உண்மையா?

உண்மைதான். 500 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் அங்கே யாரையும் கரையில் இறக்கக் கூடாது. பனிமலைகளைக் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் சின்னக் கப்பலில்தான் டிக்கெட் விலை எகிறும். மற்ற ஊர்களில் நீச்சல்குளமும் நாடக அரங்கும் ஆடம்பரம் என்றால், இங்கே கால் வைக்கக் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் ஆடம்பரம்!

சின்னக் கப்பலிலும் ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்க முடியாது. 200 பேர் வந்திருந்தால், பாதிப் பேர் ரப்பர் படகில் பனிப்பாறைகளைச் சுற்றிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அளவைவிடப் பயணிகள் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இறங்கும் முன் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுப்பார்கள். பை, கோட்டு மடிப்புகளில் வெளியூர் விதை ஒட்டியிருக்கிறதா என்றும் சோதனை உண்டு. பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவாக நடந்து வந்தால்? அசையாமல் நின்று வழிவிடுங்கள், அது அதன் ஊர்.

சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கிளம்பும். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அலை ஆட்டம் பயங்கரமாக இருக்கலாம், வாந்தி மாத்திரையை மறக்காதீர்கள்.