டிங்கிள் தீபகற்பத்துக்கு மூன்று நாள் கார் பயணம்: கேள்வி பதில்

அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி மாவட்டத்திலிருந்து அட்லாண்டிக்குக்குள் நீளும் நிலம் டிங்கிள். ஷானன் விமான நிலையத்தில் கார் எடுத்து, இரண்டு இரவு தங்கிச் சுற்றிவர நினைப்பவர்கள் கேட்டவை இங்கே.

சுகந்தி: மூன்று நாளில் மோகர் செங்குத்துப் பாறைகள், டிங்கிள், ரிங் ஆஃப் கெர்ரி மூன்றையும் பார்த்துவிடலாமா? மேப்பில் எல்லாம் பக்கத்தில்தானே இருக்கிறது?

பார்க்கலாம், கார் கண்ணாடி வழியாக. ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச்சாலை மட்டுமே 179 கி.மீ. இறங்கிப் பார்த்துப் போனால் ஒரு முழுப் பகல் அதற்கே சரியாகிவிடும். மேப் சொல்லும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கணக்கிடுங்கள். டிராக்டர், ஆட்டு மந்தை, எதிரே வரும் சுற்றுலா பஸ், இதெல்லாம் மேப்புக்குத் தெரியாது. ரிங் ஆஃப் கெர்ரியை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் காலையிலேயே விமானம் இறங்கினால் என்னிஸ் வழியாக மோகர். நுழைவுக் கட்டணத்திலேயே பார்க்கிங்கும் அடங்கும். இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்வது நல்லது. அங்கிருந்து தெற்கே கில்ரஷ் தாண்டி கில்லிமர் படகுத்துறை. காரோடு ஏறி ஷானன் ஆற்றைக் கடக்க சுமார் 20 நிமிடம்தான். மணிக்கு ஒரு படகு: கில்லிமரிலிருந்து சரியாக மணியடிக்கும்போது, எதிர்க்கரை டார்பர்ட்டிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் அரை மணி கழித்துப் புறப்படும். கோடையில் இன்னும் அடிக்கடி. படகைத் தவறவிட்டு லிமரிக் வழியாகச் சுற்றினால் கூடுதலாக நூறு கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும், அதனால் கடைசிப் படகின் நேரத்தை முதலில் பாருங்கள். டார்பர்ட்டிலிருந்து லிஸ்டோவல், ட்ரலீ வழியாக டிங்கிள். விமானம் மதியத்துக்கு மேல்தான் இறங்குகிறது என்றால் மோகரைக் கைவிட்டு நேரே டிங்கிள் போய்விடுங்கள்.

முருகேசன்: இந்திய லைசென்ஸ் செல்லுமா? ஷெங்கன் விசா இருக்கிறது, அது போதுமா?

விசா போதாது. ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். லைசென்ஸ் செல்லும், சுற்றுலாவாக வருபவர் 12 மாதம் வரை ஓட்டலாம். ஆனாலும் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, அசல் லைசென்ஸோடு சேர்த்து வைத்திருங்கள். கார் வாடகைக் கவுன்ட்டரில் பெரும்பாலும் கேட்பார்கள்.

அங்கே தகராறு வருவது லைசென்ஸால் அல்ல, கார்டால். ஓட்டுநரின் சொந்தப் பெயரில் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும்; மனைவி கார்டு, டெபிட் கார்டு என்றால் பல இடங்களில் கார் தரமாட்டார்கள். விபத்தானால் உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய ‘எக்ஸஸ்’ தொகை ஆயிரம் யூரோவைத் தாண்டும், அதை முன்கூட்டியே கார்டில் முடக்கிவைப்பார்கள். அதைக் குறைக்கும் கூடுதல் காப்பீட்டை எடுத்தாலும், டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அதில் அடங்குமா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்தச் சாலைகளில் அடிபடுவதே அவைதான். பணம் மிச்சம் பிடிப்பதென்றால் காரின் அளவில் பிடியுங்கள். நாலு பேருக்குச் சின்ன ஹேட்ச்பேக் போதும்.

தாமரை: இடப்பக்கம் ஓட்டிப் பழக்கம்தான். ஆனாலும் குறுகலான சாலை என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பாதி பயம் நியாயமானது. எதிரே பஸ் வந்ததும் கை தன்னால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும். அங்கே பச்சைப் புதர்போல் தெரிவதன் உள்ளே பல இடங்களில் கல்சுவர் இருக்கும். இடது டயரும் இடது கண்ணாடியும் போவது இப்படித்தான். ஒடிக்காதீர்கள், வேகத்தைக் குறைத்து, வேண்டுமானால் அப்படியே நின்றுவிடுங்கள். ஒதுங்குமிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்வாங்குவது அங்கே வழக்கம். பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நம் ஊரில் போல முகத்தை நீட்டி நுழைய முடியாது. கிராமப்புற உள்சாலைகளின் வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 கி.மீ. ஆகிவிட்டது, பழைய வழிகாட்டிகளில் இன்னும் 80 என்றே இருக்கும். 150 செ.மீ. உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். கார் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

ரியாஸ்: ஸ்லே ஹெட் சாலையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? எவ்வளவு நேரம் ஆகும்?

தீபகற்பத்தின் மேற்கு முனையைச் சுற்றும் சாலை அது. கடிகாரம் சுற்றும் திசையில் போங்கள். டிங்கிளில் புறப்பட்டு வென்ட்ரி பக்கம் திரும்புங்கள். பெரிய பஸ்களும் அதே திசையில் போவதால் வளைவில் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கடலும் உங்கள் இடப்பக்கமே வரும், சாலையைக் குறுக்கே வெட்டாமல் ஒதுங்கி நிறுத்தலாம். ஐம்பது கி.மீ.க்குள் முடியும் சுற்றுதான், ஆனால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஒன்பது மணிக்குள் கிளம்பினால் பஸ்களுக்கு முன்னால் இருப்பீர்கள்.

ஃபாஹன் அருகே ஓடை ஒன்று சாலை மேலேயே பாயும். முதல் கியரில் மெதுவாகக் கடந்து, பிறகு பிரேக்கை லேசாக மிதித்து ஈரத்தை உலர்த்துங்கள். குமீனூல் கடற்கரை கண்ணுக்கு அழகு. நீரோட்டம் மோசம், நீந்த வேண்டாம். டன்குவின் படகுத்துறைக்கு இறங்கும் வளைந்து வளைந்து போகும் பாதையில் காரை இறக்கவே இறக்காதீர்கள். அது நடந்து போகும் பாதை, திருப்ப இடமில்லை. மேலேயே நிறுத்திவிட்டு நடங்கள். எதிரே தெரிவது கிரேட் பிளாஸ்கெட் தீவு. 1953-ல் மிச்சமிருந்த குடிகளையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாழ்க்கையைச் சொல்லும் பிளாஸ்கெட் மையத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள் (குளிர்காலத்தில் மூடியிருக்கும்). கடைசியில் கலாரஸ் வழிபாட்டுக்கூடம்: சாந்தே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கவிழ்த்த படகுபோல் கட்டியது.

இன்னொன்று. டிங்கிளுக்கு மேற்கே ஊர்ப்பலகைகள் பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் மட்டுமே இருக்கும், உங்கள் மேப் ஆங்கிலப் பெயரைச் சொல்லும். நிற்க வேண்டிய இடங்களைப் புறப்படும் முன்பே மேப்பில் குறித்து, ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும்.

பிரபு: கேம்பர் வேனில் கானர் கணவாய் வழியாகத் திரும்பலாமா?

கூடாது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அங்கே தடை. வடசரிவில் பாறைக்கும் தடுப்புச்சுவருக்கும் நடுவே ஒரு வண்டி போகும் அகலம்தான். நீங்கள் இஞ்ச் கடற்கரை வழியாகப் போங்கள். சிறு கார்க்காரர்கள் தாராளமாகப் போகலாம், மேகம் இறங்கியிருந்தால் மட்டும் வேண்டாம். ஏறிப் போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்குவீர்கள். இஞ்சில் மணலிலேயே கார் ஓட்ட விடுவார்கள். ஈர மணலில் டயர் புதைந்து, ஏறும் அலைக்கு முன் டிராக்டர் தேடி ஓடுபவர்களும் உண்டு. அலையேற்ற நேரம் பார்க்காமல் இறங்காதீர்கள்.

வளர்மதி: டிசம்பர் லீவில் போகலாமா அக்கா? நாங்கள் சைவம், சாப்பாடு கிடைக்குமா?

டிசம்பர் வேண்டாம்மா. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பாதிக் கடை மூடியிருக்கும். மே, செப்டம்பர் நல்லது. ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம் உண்டு, அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். சைவத்துக்கு டிங்கிள் ஊருக்குள் கவலையில்லை. சூப் வாங்கும்போது மட்டும் கோழிச்சாறு சேர்த்ததா என்று கேளுங்கள். சமையலறைகளை ஒன்பது மணிக்குள் மூடிவிடுவார்கள். ஊரைத் தாண்டினால் கடை அரிது, காலையிலேயே சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனிபர்: டிங்கிள் துறைமுகத்தில் டால்பின் பார்க்க டிக்கெட் எங்கே?

ஃபங்கி என்ற அந்த டால்பினை 2020 அக்டோபரிலிருந்து யாரும் பார்க்கவில்லை. சிலை இருக்கிறது, அதற்கு டிக்கெட் இல்லை.