ஈஸ்ட்டும் புளிப்பும்: கேள்வி பதில்

தஞ்சாவூர்ப் பக்கம் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) வடிசாலையில் நொதிகலன்களோடு பல வருஷம் இருந்தவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கும்பகோணம் மாணவி: ஐயா, தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தைப் பாக்டீரியாவே தருகிறதே, அதை ஈஸ்ட்டை வைத்துத் தயாரிப்பது எதற்கு?

இட்லி மாவு ஓர் அளவுக்கு மேல் புளிக்காது பாரும்மா. பாக்டீரியா சுரந்த புளிப்பே அதை முடக்கிவிடும். ஆலையில் பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5, 6 என்று நிறுத்த, சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிடைப்பது கால்சியம் லாக்டேட். கந்தக அமிலம் ஊற்றித்தான் அதிலிருந்து லாக்டிக் அமிலத்தை மீட்க முடியும்; சுண்ணாம்பு ஜிப்சமாக மிஞ்சும். ஈஸ்ட் பிஎச் 3-லும் தாக்குப்பிடிக்கும். அங்கே லாக்டிக் அமிலத்தில் நூற்றுக்கு 88 பங்கு, உப்பாக மாறாமல் அமிலமாகவே இருக்கும். பிஎச் 6-ல் ஒரு பங்குகூடத் தேறாது. சாதாரண ஈஸ்ட் சாராயம்தான் தரும் என்பதால், மரபணுவை மாற்றிய ஈஸ்ட் வேண்டும்.

திருத்துறைப்பூண்டி விவசாயி: அண்ணே, அதில் ஜிப்சம் மிஞ்சுமாமே, களர் நிலத்துக்கு ஆகாதா?

ஆகும் தம்பி. ஆனால் ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் சேரும். சுண்ணாம்பு, கந்தக அமிலம் இரண்டையும் காசு கொடுத்து வாங்கி, கடைசியில் இந்தக் குவியலையும் அள்ள வேண்டும்.

மன்னார்குடி ஆசிரியர்: அமிலம் ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாதா?

செய்யும். எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். புரோட்டானை (அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி) இன்னும் விடாத, பிரியாத அமிலம் செல் சவ்வைத் தாண்டி உள்ளே நழுவிவிடும். உள்ளே பிஎச் 7-ஐ ஒட்டி இருப்பதால் அங்கே பிரிந்து புரோட்டானை விடும். ஒரு புரோட்டானை வெளியே தள்ள ஓர் ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவு. ஒரு குளுக்கோஸ் இரண்டு லாக்டிக் அமிலமாகும்போது செல்லுக்குக் கிடைப்பதே இரண்டு ஏடிபி! அந்த இரண்டு அமிலமும் ஒரு தடவை செல்லுக்குள் திரும்பி வந்தாலே சம்பாத்தியம் முழுக்கப் போச்சு. அதனால்தான் கொஞ்சம் காற்று ஊதி, கூடுதல் ஆற்றலுக்கு வழிசெய்கிறார்கள்.

மயிலாடுதுறை ஆய்வக உதவியாளர்: ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் சத்தாக அமோனியம் சல்பேட் போட்டால் பிஎச் மளமளவென்று இறங்குகிறது.

ஈஸ்ட் அமோனியாவை எடுத்துக்கொண்டு புரோட்டானை வெளியே விடுகிறது. யூரியா போட்டுப் பாருங்கள், இறக்கம் மட்டுப்படும். பிஎச் மீட்டரையும் கவனியுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தடவை, மொலாசஸ் படிந்த புரோப் (கலனுக்குள் இருக்கும் மீட்டரின் உணர்முனை) ராத்திரி முழுக்க 4.8 என்றே காட்டியது. விடிந்து பார்த்தால் கலன் கெட்டிருந்தது. தினமும் கழுவி, பிஎச் 4, 7 பஃபர்களில் (பிஎச் மாறாத சோதனைக் கரைசல்கள்) சரிபாருங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: புளிப்புக்குப் பதில் பிஎச்-ஐ 7-க்கு மேலே, காரமாக வைத்தால்?

சாராயம் குறைந்து கிளிசரால் கூடும், கூடவே அசிட்டிக் அமிலமும் வரும். முதல் உலகப் போரில் ஜெர்மனி வெடிமருந்துக்கான கிளிசராலை ஈஸ்ட்டிலிருந்தே எடுத்தது. ஆனால் அங்கே அதற்காகச் சல்பைட் என்ற உப்பைச் சேர்த்தார்கள்.