கம்பளிப்பூச்சி பட்டால் ரத்தம் உறையாமல் போகுமா?

கொய்யா பறித்த மனைவியின் கையில் கம்பளிப்பூச்சி பட்டுவிட்டது, ரத்தம் உறையாமல் போய்விடுமோ என்று பிரேசிலிலிருந்து படத்தோடு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு ஒன்றும் ஆகாது. முன்கையில் வரிசையாகத் தெரியும் சிவப்புப் புள்ளிகள் பூச்சியின் முட்கள் குத்திய இடங்கள், அவ்வளவுதான். கொய்யா பறிக்கும்போது அது கையில் எப்படிப் படிந்திருந்ததோ அப்படியே தடம் விழுந்திருக்கிறது. பட்டு நான்கு நாளாகிறது, ஈறில் ரத்தம் இல்லை, சிறுநீரும் தெளிவாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் படித்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிறீர்களே, அந்த ஆபத்து வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும்.

நீங்கள் படித்தது வேறொரு பூச்சியைப் பற்றி. நீங்கள் அனுப்பிய படத்தில் பஞ்சு உருண்டை போல இருப்பது மெகலோபைகிடே குடும்பத்துப் புழு. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இருக்கும் குடும்பம் இது. 200க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயரைச் சொல்லி, 'மெகலோபைகே லனாட்டாவா, வேறா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சியியல்காரருக்கு நல்ல கேள்வி. எனக்கு எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். மேலே தெரியும் மென்மயிர் சும்மா. அதற்கு அடியில் இருக்கும் குட்டையான உள்ளீடற்ற முட்களில்தான் விஷம். இந்தக் குடும்பத்தின் விஷத்தை ஆராய்ந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார், செல்களின் சவ்வில் துளை போடும் புரதங்கள் அதில் இருப்பதாக 2023இல் வெளியிட்டார்கள். பட்டவர்கள் துடிப்பதில் வியப்பில்லை. வலி தோள்வரை ஏறியதும் அக்குளில் நெறி கட்டியதும் இதற்கு வழக்கமானவை. வலி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். நெறி சில நாளில் தானே வாடும், அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள்.

நீங்கள் பயந்த, ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் பூச்சியின் பெயர் லொனோமியா. நீங்கள் இருக்கும் தெற்கு பிரேசிலில் அது நிஜமாகவே உண்டு, அதனால் பயத்தை மொத்தமாகத் தள்ளிவிடவும் மாட்டேன். பச்சையும் பழுப்புமான உடல், கிளை கிளையாகப் பிரிந்த முட்கள். பகலில் மரத்தண்டில் கூட்டமாக அப்பிக் கிடக்கும். தெரியாமல் கை வைத்தால் ஒரே நேரத்தில் பல பூச்சிகள் குத்திவிடும். வலி சுமாராகத்தான் இருக்கும் என்பதால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் ஈறு கசியும், ஆறிய பழைய புண்ணில் ரத்தம் வரும், அடிபடாத இடத்தில் கன்றிப்போகும், சிறுநீர் கறுக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் அங்குள்ள ஆம்புலன்ஸ் எண்ணான 192க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மூளைக்குள் ரத்தக்கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும்தான் ஆளைக் கொல்பவை. விஷமுறிவு மருந்து சாவ் பாவ்லோவின் புட்டான்டன் நிறுவனத்தில் தயாராகிறது. மருந்துக் கடையில் கிடைக்காது. அரசு மருத்துவ அமைப்பின் வழியாக இலவசமாகப் போடுவார்கள். பட்ட பூச்சி எதுவென்று தெரியாவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் போய் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் முடிவு சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்த ஆஸ்பிரின். ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரை அட்டையில் இருந்து இரண்டைக் கொடுத்தேன் என்கிறீர்கள். ரத்தக்கசிவு வருமோ என்று இரவெல்லாம் தேடிப் படித்தவர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையையே எடுத்து நீட்டியிருக்கிறீர்கள்! அதுவும் பால் கொடுக்கும் தாய்க்கு. பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத வலிக்கு மருத்துவமனையில் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். மஞ்சளும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்ததில் ஒடிந்த முட்கள் இன்னும் ஆழமாகத்தான் போயிருக்கும்.

இன்னொரு முறை பட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை மெல்ல வைத்து உரித்தெடுங்கள், ஒவ்வொரு தடவையும் புது டேப். சோப்புத் தண்ணீரில் கழுவி ஐஸ் வையுங்கள். கை வீங்குவதற்குள் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுக்கலாம். விஷம் பாலில் போகுமோ என்ற கவலை வேண்டாம். முட்கள் ஒட்டிய சட்டையோடு மட்டும் குழந்தையைத் தூக்கக் கூடாது.

கொய்யா மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதற்கு? முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, கை வைக்குமுன் தண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பறியுங்கள். தண்டில் கூட்டமாகப் பூச்சிகள் தெரிந்தால் கொளுத்தப் போகாதீர்கள், நகராட்சி சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். லொனோமியாவாக இருந்தால் பிடித்து புட்டான்டனுக்கு அனுப்புவதும் உண்டு; விஷமுறிவு மருந்து செய்ய அதன் முட்கள்தான் மூலப்பொருள்.