கோவூர்கிழாரின் 3 பாட்டுகள் போதும்

'போருக்கு நியாயம் உண்டா' என்று கல்லூரியில் பேச வேண்டும், புறநானூறோ முழுக்கப் போரைப் புகழ்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அதிலேயே பாடியிருக்கும் சங்கப் புலவர் கோவூர்கிழாரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

44ஆம் பாட்டில் ஆவூர்க் கோட்டையைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. அடைந்து கிடக்கும் இன்னொரு சோழன் நெடுங்கிள்ளியிடம், அறவழி என்றால் 'உனது' என்று கதவைத் திற, மறவழி என்றால் போரிடத் திற என்கிறார். சரி, இது போரை முற்றாக மறுப்பதில்லை. அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

45இல் அந்த இருவரிடமும், எதிரே நிற்பவன் பனந்தோடு சூடிய சேரனுமில்லை, வேம்பு சூடிய பாண்டியனுமில்லை, உங்கள் இருவர் மாலையும் சோழரின் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்கிறார்.

ஆனால் 46தான் எனக்கு நெஞ்சை அடைக்கும். மலையமான் என்ற குறுநில மன்னனின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான் சோழன் கிள்ளிவளவன். அழுதுகொண்டிருந்த சிறுவர்கள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறக்கிறார்கள். அப்புறம் மன்றத்தை மிரண்டு பார்க்கிறார்கள். அந்த இடத்தில் அவசரப்படாமல், நிறுத்திப் பேசுங்கள். புலவரும் அதற்குமேல் வாதாடவில்லை. கேட்டாயல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று அரசனிடமே விட்டுவிடுகிறார்.