சிறு ஆமைக்கு உயிர் இரை: தங்கமீன் வேண்டாம்

உப்புவெளியில் செங்காது ஆமைக்குஞ்சு வளர்ப்பதாகவும், கடையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய தங்கமீன்களையும் தம்பலகாமம் வயலில் பிடிக்கும் வெட்டுக்கிளி, தலைப்பிரட்டைகளையும் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தங்கமீனை இன்றே நிறுத்திவிடுங்கள். அதன் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். அடிக்கடி தின்னும் ஆமைக்கு நாளடைவில் நரம்புத் தளர்ச்சியும் நடுக்கமும் வரும். உறைய வைத்தாலும் நொதி அழியாது. கப்பி மீனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வடிகானில் அள்ளிய கப்பி ஒட்டுண்ணிகளையும் சேர்த்தே கொண்டுவரும். ஒரு வாளியில் நீங்களே பெருக்குங்கள், அது மளமளவென்று குட்டி போடும்.

வயல் வெட்டுக்கிளியில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். டெங்குப் புகை அடித்த தெருப் பூச்சிகளும் அப்படித்தான். தலைப்பிரட்டையைத் தொடவே வேண்டாம்: தேரையின் முட்டையிலும் குஞ்சிலும் நஞ்சு உண்டு, தவளைக் குஞ்சிலிருந்து அதைப் பிரித்தறிவது எளிதல்ல. மருந்து படாத வீட்டுத் தோட்டத்து மண்புழு மிக நல்லது. கழுவி, ஆமையின் தலையைவிடச் சிறிய துண்டாகக் கொடுங்கள்.

உயிர் இரை வாரத்தில் ஓரிரு முறை போதும். அன்றாட உணவு ஆமைக்கான உருண்டைத் தீனியாக இருக்கட்டும். வளர வளர இலையுணவைக் கூட்டுங்கள். தொட்டியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள், ஆமையிடமிருந்து சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி தொற்றும். வளர்க்க முடியாமல் போனாலும் கந்தளாய்க் குளத்தில் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பறித்துக்கொள்ளும்.